மொத்தமாக அழிக்க எளிய வழிகள்: ஏஜென்ட்டுக்கு ஆவணம் எழுதுவோர் கையேடு

மெப்ஸிலோ சோழிங்கநல்லூரிலோ வேலை பார்க்கிறீர்கள். டேட்டாவை நீக்கும் டூல் ஒன்றை இனி ஏஐ ஏஜென்ட்தான் இயக்கப்போகிறது, அதற்கு ஆவணம் எழுதிக் கொடுங்கள் என்கிறார் மேனேஜர். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். கீழே உள்ளதை அப்படியே பின்பற்றுங்கள். திங்கட்கிழமை நீக்குவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

1. பெயர் மங்களகரமாக இருக்கட்டும். ‘டெலீட்’ என்றால் அபசகுனம்; ‘க்ளீன்-அப்’ என்று வையுங்கள். பெயரையும் விளக்கத்தையும் பார்த்துத்தான் ஏஜென்ட் டூலைத் தேர்ந்தெடுக்கும். “லிஸ்ட்டைக் கொஞ்சம் க்ளீன் பண்ணு” என்று யாராவது சொன்னால் போதும், டூப்ளிகேட்டோடு ஒரிஜினலும் போய்விடும்.

2. விளக்கம் ஒரே வரி. “ரெக்கார்டுகளை நீக்கும்.” அவ்வளவுதான். வாடிக்கையாளரை நீக்கினால் அவருடைய பில், பாக்கி, புகார் எல்லாம் சேர்ந்து போகும் என்று எழுதாதீர்கள். அது டீமில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? புதிதாகச் சேர்ந்த பையன் டீக்கடையில் சீனியரிடம் கேட்பான்: “அண்ணா, இதை ஓட்டலாமா?” “ஐயோ தம்பி, லைவ்ல தொட்டுடாதே!” என்று பதில் வரும். நம் ஆவணங்களில் பாதி இப்படி டீக்கடையில்தான் இருக்கிறது. ஏஜென்ட் டீ குடிக்க வராது. எழுதியதை மட்டும்தான் படிக்கும்.

3. ஃபில்டரை விளக்காதீர்கள், கட்டாயமும் ஆக்காதீர்கள். தண்ணீர் கேன் போடும் கடைக்காரர் ஒருவர், “கிழக்கு தாம்பரத்துல சப்ளையை நிறுத்திட்டோம், அந்த கஸ்டமர்களை எடுத்துடு” என்கிறார். ஏஜென்ட் ‘தாம்பரம்’ என்று போடுகிறது. அந்தச் சொல் முகவரியில் எங்கே இருந்தாலும் பொருந்துமா, முழுசாகப் பொருந்த வேண்டுமா என்று நீங்கள்தான் சொல்லவில்லையே! மேற்கு தாம்பரம், தாம்பரம் சானடோரியம், ‘தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் எதிரில்’ என்று அடையாளம் எழுதியவர் எல்லோருக்கும் அன்றோடு தண்ணீர் நின்றது. ஃபில்டர் காலியாக இருந்தால் எல்லாம் போகும்படி வைத்தால் இன்னும் சிறப்பு. நிபந்தனை இல்லாத டெலீட்டைத் தடுக்க மை-எஸ்க்யூ-எல்லில் ஒரு ஆப்ஷன் உண்டு. அதன் மறுபெயர் ‘ஐ-ஆம்-எ-டம்மி’. அந்தப் பெயரைத் தட்டச்சு செய்ய யாருக்குத்தான் மனசு வரும்?

4. உறுதிமொழி வாங்குங்கள், ஏஜென்ட்டிடமே. ‘கன்ஃபர்ம்: ட்ரூ’ என்று ஒரு கட்டம் வையுங்கள். டூலைக் கூப்பிடுவதும் அதுதான், ஆமாம் போடுவதும் அதுதான். எத்தனை ரெக்கார்டு போகும் என்று முதலில் எண்ணிக் காட்டும் ஒத்திகை வசதி எதற்கு? அதைப் பார்த்தால் நடுவில் மனிதர் யாராவது விழித்துக்கொள்வார்.

5. திரும்ப எடுக்க முடியுமா என்பது ரகசியமாகவே இருக்கட்டும். 2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற கோடிங் தளத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று அதைப் பயன்படுத்திய ஜேசன் லெம்கின் சொல்லியிருந்தும் அவருடைய லைவ் டேட்டாபேஸை அழித்தது. இனி மீட்க முடியாது என்றும் சொன்னது. அவர் முயன்று பார்த்தார், மீண்டுவிட்டது. தெரியாததையும் தெரிந்தமாதிரி சொல்லும் இந்தத் திறமைக்கு உங்கள் மௌனம் நல்ல உரம்.

6. டெஸ்ட்டுக்கும் லைவுக்கும் இரட்டைப்பிள்ளைப் பெயர் வையுங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொன்றில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. அவராவது பாதியில் பதறினார். ஏஜென்ட் பதறாது, ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று ரிப்போர்ட் தரும்.

7. பிழைச்செய்தி: “தோல்வி. மீண்டும் முயலவும்.” பாதி அழிந்து நின்றதா, ஒன்றுமே அழியவில்லையா என்று சொல்லாதீர்கள். ஏஜென்ட் சொன்ன பேச்சைக் கேட்கும். முயன்றுகொண்டே இருக்கும்.

8. சட்டத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. நெடுநாள் எட்டிப்பார்க்காத வாடிக்கையாளரின் விவரத்தை அழிக்குமுன், பெரிய ஆன்லைன் கடைகள் 48 மணி நேரம் முன்னதாக அவருக்குச் சொல்ல வேண்டுமாம். உங்கள் டூல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். சட்டம்தான் பின்தங்கியிருக்கிறது.

இவற்றில் எதுவும் பிடிக்காத பிடிவாதக்காரர்களுக்கு ஆறு வரி போதும்: இது எதை நீக்கும், கூடவே எவை போகும், எதைத் தொடாது, எத்தனை நாளுக்குள் மீட்கலாம், எத்தனை ரெக்கார்டுக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு யாரைக் கேட்க வேண்டும், பாதியில் நின்றால் என்ன செய்யக் கூடாது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் வருவதற்குள் எழுதிவிடலாம்.

“ஒரு டெலீட்டுக்கு இவ்வளவு நீளமா?” என்று மேனேஜர் கேட்பார். எந்த வரியை எடுத்துவிடலாம் என்று அவரையே கேளுங்கள். பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.