வந்தாரை வாழவைக்கும் பண்ணை

விருந்தோம்பலின் திருவுருவே! அடையா நெடுங்கதவின் அதிபதியே! பன்றிப் பண்ணை உலகின் பாரிவள்ளலே! தங்கள் புகழைப் பாட அடியேனுக்குத் தகுதி போதாது. ஆனாலும் பாடாமல் விட்டால் நன்றி கொன்றவன் ஆவேன் என்பதால் துணிந்து தொடங்குகிறேன்.

தாங்கள் கைதூக்கி விட்ட அந்த ஏழை எளியவரின் பூர்வீகம் உலகறிந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் என்பது அன்னாரின் திருநாமம். 1921இல் கென்யாவிலிருந்து முதன்முதலாக ஆய்வேட்டில் இடம்பிடித்தார். அதுவரை ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றிகளின் உடம்பிலும் உண்ணிகளின் வயிற்றிலும் இருக்கும் இடம் தெரியாமல் ஒடுங்கிக் கிடந்தவர். காலில்லை, சிறகில்லை, காற்றில் ஏறி அடுத்த ஊருக்குப் போகும் சாமர்த்தியமும் இல்லை. மனிதரைத் தொற்றவும் தெரியாது. இப்படி ஒன்றுக்கும் வழியற்றவர் இன்று கண்டம் கண்டமாகக் கொடி நாட்டியிருக்கிறார் என்றால், அதில் அவருடைய முயற்சி கடுகளவு. தங்களைப் போன்ற புரவலர்களின் கொடை மலையளவு.

முதற்கண் தங்கள் அன்னதானத்தைப் போற்ற வேண்டும். ஓட்டல்களிலும் விடுதிகளிலும் மிஞ்சியதை அள்ளிக்கொண்டு காலையில் வந்து இறங்கும் நீல டிரம்மைப் பக்கத்தில் நின்று தரிசிக்கும் பேறு அடியேனுக்கும் வாய்த்தது. மேலே குழம்பின் எண்ணெய் ஏடு, நடுவே ஊறிய பிரியாணிச் சோறும் கடித்த எலும்பும், அடியில் நசுங்கிய பிளாஸ்டிக் டம்ளர், ரப்பர் பேண்டு அவிழாத சாம்பார்ப் பொட்டலம். அதற்குள் எங்கோ ஒரு துண்டு பன்றிக்கறியும் இருக்கலாம். உறைந்த கறியில் வருடக்கணக்கிலும், உப்பிட்டு உலர்த்திய கறியில் மாதக்கணக்கிலும் பொறுமையாகக் காத்திருப்பவர் நம் விருந்தாளி. அத்தனையையும் 70 டிகிரிக்கு மேல் அரைமணி நேரம் காய்ச்சினால் அவர் கதை முடிந்துவிடும் என்று கால்நடை மருத்துவர்கள் வாய் ஓயாமல் சொல்கிறார்கள். நாடி வந்தவரை வாசலிலேயே கொதிநீரில் தள்ளும் கொடுமைக்குத் தங்கள் நெஞ்சம் இசையவில்லை. விறகுச் செலவு மிச்சமானது தற்செயல். தங்கள் கருணையே காரணம் என்பதை நாடறியும்.

இத்தருமத்தைத் தாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மாபெரும் மரபைக் காக்கிறீர்கள். 1957இல் லிஸ்பன் விமான நிலையத்தில் இறங்கிய உணவுக் கழிவைப் பக்கத்துப் பன்றிகளுக்கு ஊட்டிய மகான்களே விருந்தாளியை ஐரோப்பாவுக்கு அழைத்தவர்கள். 1960இல் இரண்டாம் முறை வந்தவர், ஸ்பெயினும் போர்ச்சுகலும் காட்டிய அன்பில் உருகி 1990கள் வரை அங்கேயே தங்கிவிட்டார். 2007இல் ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் கரையேறியதும் ஏதோ ஒரு கப்பலின் மிச்சச் சாப்பாட்டில் என்றே கருதுகிறார்கள். 2001இல் பிரிட்டனில் இதே எச்சில் சேவை கோமாரி வைரஸுக்குச் செய்யப்பட்டது. ஒரே ஒரு பன்றிப் பண்ணை காய்ச்சாமல் ஊற்றியது. ஆடு, மாடு, பன்றி என்று 60 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் கொல்லப்பட்டன. ஒரு டிரம்மின் புகழ் இவ்வளவு தூரம் பரவும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்!

அடுத்துத் தங்கள் தலைவாசல். அங்கே சிமெண்டில் ஒரு கிருமிநாசினித் தொட்டி எழுந்தருளியிருக்கிறது. கடனுக்கோ மானியத்துக்கோ போட்டோ எடுத்த அன்று அதில் மருந்து இருந்ததாக ஐதீகம். இன்று வேப்பஞ்சருகு மிதக்கிறது, கொசுப்புழு நெளிகிறது, ஓரத்தில் தவளை ஒன்று குடும்பத்தோடு வாழ்கிறது. கிருமியைக் கொல்லக் கட்டிய தொட்டியை இத்தனை உயிர்களின் சரணாலயமாக மாற்றிய கருணையை என்னென்பது! வருகிறவர்களும் அவற்றுக்குத் தொந்தரவு தராமல் நாசூக்காகத் தாண்டிக் குதிக்கிறார்கள். பண்ணைக்கென்று வாங்கிய கம்பூட்ஸ் ஆணியில் தொங்குகிறது. அதற்குள் சிலந்தி வலை பின்னியாகிவிட்டது.

யார் வந்தாலும் தங்களுக்கு உறவுதான். காலையில் நான்கு கொட்டிலில் பன்றி பார்த்துவிட்டு அதே செருப்போடு வரும் கசாப்புக்காரர், தீவன ஏஜெண்டு, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துப் பண்ணைக்காரர், தன் வீட்டிலும் இரண்டு பன்றி வளர்க்கும் கூலியாள் எல்லாருக்கும் ஒரே ராஜபாட்டை. வருகைப் பதிவேடு ஒன்றும் உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில் பால் கணக்கு எழுதியிருக்கிறது.

முல்லைக்கொடிக்குத் தேர் தந்தவன் பாரி. வைரஸுக்கு மினி லாரி தந்தவர் தாங்கள். சந்தையில் பன்றி இறக்கிவிட்டு, சாணமும் மூத்திரமும் சொட்டச் சொட்டத் திரும்பும் வண்டியைக் கழுவாமல் அப்படியே உள்ளே விடும் கொடைத்திறம் பாரிக்கும் இருந்ததில்லை. சாணப் பொருக்கைச் சுரண்டாமல் மேலே மருந்து தெளித்தால் பலனில்லை என்பது விஞ்ஞானம். சுரண்டாமலும் தெளிக்காமலும் இருப்பது தங்கள் மெய்ஞ்ஞானம். 2018 ஆகஸ்டில் சீனாவின் ஷென்யாங்கில் இந்த வைரஸ் தலைகாட்டியது. தொடக்கத்தில் தாக்கப்பட்ட பண்ணைகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதி இடங்களுக்கு அது வண்டியிலும் ஆட்களோடும் போயிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு எச்சில் உணவு வழியாக. ஓராண்டு கடந்தபோது உலகின் மிகப்பெரிய பன்றி மந்தையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போனது. அவ்வளவு பெரிய சீனத்துக்கே வழிகாட்டக்கூடிய அனுபவம் தங்கள் ஒற்றைக் கொட்டிலில் குவிந்து கிடக்கிறது.

தங்கள் சமத்துவக் கொள்கைக்கு ஈடேது? வெளியூரில் வாங்கிய குட்டியைச் சில வாரம் தனியே கட்டிப் பார்க்கும் தீண்டாமையைத் தாங்கள் ஏற்பதில்லை. இறங்கியவுடன் மந்தையோடு ஒன்றாக்குகிறீர்கள். தங்கள் ஆண்பன்றி ஊர்ப்பொது. இனச்சேர்க்கைக்கு வீடு வீடாகப் போய்வருகிறது. ஊசியும் அப்படியே. முதல் கொட்டிலில் ஏறிய அதே ஊசி, முனை மழுங்கும்வரை கடைசிக் கொட்டில் வரை எல்லாரையும் ஒரே ரத்தமாக்குகிறது.

ஒருநாள் விருந்தாளி தங்கள் பண்ணைக்கும் வந்து சேர்ந்தார். பன்றிகள் தீனியை ஒதுக்கின. காய்ச்சலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. காதும் அடிவயிறும் கருஞ்சிவப்பாயின. அந்த நேரத்தில் தாங்கள் காட்டிய நிதானத்தைப் பெரிய ஞானிகளிடமும் காண முடியாது. இந்த நோய்க்கு மருந்தில்லை. நம் நாட்டில் புழக்கத்தில் தடுப்பூசியும் இல்லை. உடனே தகவல் சொல்வது ஒன்றுதான் ஊருக்கு மிஞ்சிய காப்பு. கால்நடைத் தொற்றுநோய்கள் பற்றிய 2009ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொன்னால் ஊர் பதறும், பன்றி விலை விழும் என்று எண்ணித் தாங்கள் மௌனம் காத்தீர்கள். யாரையும் பதறவிடாமல் இரவோடிரவாகத் தரகரை அழைத்து, நிற்க முடிந்தவற்றையெல்லாம் பாதி விலைக்கு ஏற்றிவிட்டீர்கள். ஒரு பண்ணையோடு முடிந்திருக்கக்கூடிய புகழ் மூன்று மாவட்டச் சந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தப் புகழ்மாலையில் பாதியை நஷ்டஈட்டுக் கோப்பை மேசை மேசையாக இளைப்பாற விடும் அலுவலகங்களுக்கும் சூட்டுவதே முறை. உண்மை சொன்னவன் காத்திருந்து காய்வதை ஊருக்குக் காட்டி, மௌனத்தின் லாபத்தை அவர்கள் அல்லவா போதிக்கிறார்கள்!

செத்தவற்றுக்கு ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பது குறுகிய மனம். ஆற்றில் விடுவதும் காட்டோரம் வீசுவதுமே பரந்த மனம். 2020இல் இந்தியாவுக்குள் முதன்முதலாக இந்த நோய் நுழைந்தபோது அசாமில் பிரம்மபுத்திரா பன்றிச் சடலங்களைச் சுமந்து ஓடியது. காசிரங்காவின் காட்டுப்பன்றிகள் ஊர்ப்பக்கம் வந்துவிடாமல் வனத்துறை கால்வாய் வெட்ட வேண்டியதாயிற்று. உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாமல் அசாமில் மட்டும் எஞ்சியிருக்கும் குள்ளப்பன்றிக்கும் அழைப்பிதழ் போகாதிருக்கப் பாதுகாவலர்கள் பாடுபட்டார்கள். 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடிக்கு நோய் வந்தது. 2023 தொடக்கத்தில் நம் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன. காட்டு ஜீவனையும் பந்திக்கு அழைக்கும் மனம் யாருக்கு வரும்!

தங்கள் கொடை அக்கம்பக்கத்தாரையும் விட்டுவைக்கவில்லை. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பன்றிகளையெல்லாம் கொல்ல வேண்டும் என்பது விதி. அந்த வட்டத்துக்குள் ஓர் அம்மாள் இரண்டு தாய்ப்பன்றிகளை வைத்து மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டிவந்தார். விறகு பொறுக்கிக் கஞ்சி காய்ச்சியே ஊற்றுவார்; அந்நியரை வேலிக்கு வெளியே நிறுத்துவார்; வாசலில் சுண்ணாம்பு தூவுவார். இவ்வளவு கருமித்தனத்துக்கும் தக்க பாடம் கிடைத்தது. பாதுகாப்புக் கவசம் அணிந்தவர்கள் வந்து அவருடைய நோயில்லாத இரண்டையும், வயிற்றில் இருந்த குட்டிகளையும் சேர்த்து முடித்துவிட்டுப் போனார்கள். தங்களுக்கோ பெரிய நஷ்டமில்லை. விற்றது போகத்தானே செத்தது!

இப்போது மறுபடியும் கொட்டில் நிறையப் போவதாகக் கேள்வி. மருந்து தெளித்துக் காயப்போட்டு, இரண்டொரு பன்றியை மட்டும் முதலில் விட்டுப் பார்க்கச் சொல்லும் கோழைகளின் பேச்சைத் தாங்கள் கேளாதது கண்டு மகிழ்கிறேன். அண்டை மாவட்டத்தில் எவரோ பாதி விலைக்குக் குட்டி தருகிறாராம். இன்றிரவே ஏற்றிக்கொள்ளச் சொல்கிறாராம். அவருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று ஒரு வார்த்தை கேட்காத தங்கள் பெருந்தன்மை நீடூழி வாழ்க!