பெயர்ப்பாட்டைத் தாண்டலாம், மருந்து போத்தலைத் தாண்ட முடியாது

தமிழ்ப் படம் தொடங்குமுன் நம்மேல் எவ்வளவு கரிசனம்! புகை உயிரைக் குடிக்கும், மது வீட்டைக் கெடுக்கும், இந்தப் படத்தில் எந்த மாட்டுக்கும் காயமில்லை. கதாநாயகன் சிகரெட்டைப் பற்றவைத்தால் மூலையில் எழுத்து ஓடி வருகிறது. 2023 செப்டம்பரிலிருந்து இணையத் திரைக்கும் அதை இந்திய அரசு கட்டாயமாக்கிவிட்டது. மாடு பிழைத்தது, நுரையீரலும் பிழைத்தது. பார்க்கிறவர் மனசு எக்கேடு கெட்டால் என்ன?

மலேசியாவில் நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் 'மருந்து' என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டாம். புல்லுக்கு அடித்த களைக்கொல்லி சில வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அப்படித் தம்பியைப் பறிகொடுத்த அக்கா ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து தொடர் பார்க்கிறாள் என்று வையுங்கள். எந்த அறிவிப்பும் இல்லாமல் கதையில் வரும் மருமகள் மருந்து போத்தலைத் திறக்கிறாள். முகத்தை மூன்று கோணத்தில் காட்டி, மேளத்தை முழக்கி, 'தொடரும்' போடுகிறார்கள். அக்காவுக்கு நெஞ்சு படபடக்கிறது, கை ரிமோட்டைத் தேடுகிறது. அவர்களுக்கோ நாளைக்கும் ஆள் பார்ப்பது உறுதியாகிவிட்டது.

பராக்குவாட் என்ற களைக்கொல்லி மருந்தை மலேசிய அரசாங்கம் 2020 ஜனவரியில் அடியோடு தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309ஆவது பிரிவை 2023இல் தூக்கியது. ஒரு மனுவுக்கு நாலு கவுண்டரில் நிற்க வைக்கும் அரசாங்கமே அசைந்துவிட்டது ஐயா! கதாசிரியர் மட்டும் அந்தப் போத்தலைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறார்.

"பிடிக்கலேன்னா அடைச்சிடு" என்று சொல்லும் மேதாவிகள் நம்மிடையே நிறைய. அடைக்க விட்டால்தானே? எங்களுக்குப் போட்டி மக்களின் தூக்கம்தான் என்று 2017இல் பெருமையாகச் சொன்னவர் நெட்ஃபிலிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ். படப்பட்டியலில் விரல் நின்றாலே அலறத் தொடங்கும் முன்னோட்டத்தை நிறுத்த அந்த நிறுவனம் வழிவிட்டது 2020 பிப்ரவரியில்தான். அதுவும் கணக்கு அமைப்புகளுக்குள் புகுந்து தேட வேண்டும். பால்மரம் வெட்டி ஓய்ந்த அம்மாவுக்கு அதை யார் காட்டிக்கொடுப்பார்?

அதே நிறுவனத்தின் '13 ரீசன்ஸ் வை' தொடர் 2017 மார்ச்சில் வந்தது. பள்ளி மாணவி ஒருத்தியின் தற்கொலையை ஏறக்குறைய மூன்று நிமிடம் காட்டியது. மருத்துவர்கள் கத்தினார்கள், பெற்றோர்கள் கத்தினார்கள். நிறுவனத்தார் எச்சரிக்கை வாசகம் ஒட்டினார்கள். காட்சியை வெட்ட 2019 ஜூலை ஆயிற்று. ஒரு கத்தரி வேலைக்கு இரண்டு ஆண்டுக்கு மேல்!

இணையத் திரைக்காரர்களே, தொழில்நுட்பம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தொடக்கத்தில் வரும் பெயர்ப்பாட்டைத் தாண்டப் பொத்தான் வைத்திருக்கிறீர்கள். நாம் எந்த விநாடியில் நிறுத்தினோம் என்பதுகூட உங்களுக்குத் தெரியும். பாட்டைத் தாண்டினால் இன்னொரு பாகம் பார்ப்போம், உங்களுக்குக் காசு. அந்தப் போத்தல் காட்சியைத் தாண்டினால் அக்கா நிம்மதியாகத் தூங்குவாள். தூக்கம்தான் உங்கள் எதிரியாயிற்றே.

தமிழ்ப் படத்துக்குத் தமிழில் எச்சரிக்கை போடுங்கள். மூலையில் இரண்டு ஆங்கிலச் சொல் மின்னி மறைவது எங்களுக்கு எச்சரிக்கை ஆகாது. எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தாண்ட ஒரு பொத்தான் கொடுங்கள். முடிவில் உதவி எண்ணைப் போட்டால், அடுத்த பாகம் பாய்ந்து வந்து அதை மறைக்காமல் பாருங்கள். மலேசியாவில் அந்த எண் பிஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள்.