2700 கெல்வின்காரர்

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஊர் சுற்ற வாங்குகிறவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பற்றி எழுத வழியில்லை, ஆள் ஊரில் இருந்தால்தானே! இன்னொரு ரகம், வாங்கிய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அதன் வயிற்றுக்குள் புகுந்து இடித்துக்கொண்டே இருப்பவர்கள். சனிக்கிழமை காலையில் தெருவில் துளைபோடும் மெஷின் சத்தம் கேட்டால் அது இந்த ரகத்தில் ஒருவர்தான்.

நம்மாளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வண்டி 1994-ஆம் வருடத்தது, முப்பது அடி நீளம், பெட்ரோல் எஞ்சின். தெருவில் எல்லோரும் அதை 'வின்னபேகோ' என்கிறார்கள். அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ கம்பெனி 1966-லிருந்து மோட்டார்ஹோம் செய்துவருவதால், சாலையில் போகிற வீட்டுவண்டி எல்லாவற்றுக்கும் பாமரர் வாயில் அதே பெயர்தான். நம்மாளுடையது வேறு கம்பெனி. திருத்தித் திருத்தி அலுத்துப்போய், இப்போது பெருமூச்சோடு விட்டுவிடுகிறார். அவரே தலைவணங்குகிற வண்டி ஒன்று உண்டென்றால் அது 1973 முதல் 1978 வரை ஜெனரல் மோட்டார்ஸ் செய்த ஜி.எம்.சி. மோட்டார்ஹோம். முன்சக்கரத்தால் ஓடுவது, தரை தாழ்ந்தது, மொத்தமே சுமார் 13,000தான் செய்தார்கள். அதை வைத்திருப்பவர் எதிரே வந்தால் நம்மாளின் குரல் தானாக இறங்கிவிடும்.

1994-இல் வண்டிக்குள் என்ன நிறம் இருந்தது என்று அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். மங்கின ரோஜா, அதோடு மயில்கழுத்துப் பச்சை, ஜன்னலுக்கு மேலே பஞ்சு வைத்துத் துணி சுற்றின பலகைகள், கண்ணில் படும் இடமெல்லாம் பித்தளை முலாம். "மனுஷன் இருப்பானா இதுல?" என்பார். முந்தின சொந்தக்காரர் அதில்தான் மனைவியோடு ஊர் ஊராகப் போயிருக்கிறார். அதைச் சொல்லிவிடக் கூடாது.

வாங்கிய வாரமே கம்பளத்தைக் கிழிப்பது இவர்கள் மரபு. பழைய வண்டிகள் பலவற்றில் தரையில் கம்பளத்தை விரித்துவிட்டு, அதன்மேல்தான் அலமாரி, சோபா எல்லாவற்றையும் நிறுத்தி முடுக்கியிருப்பார்கள். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மறுநுனி கட்டிலுக்கு அடியிலிருந்து வரமாட்டேன் என்னும். வந்தாலும் ஸ்டேப்பிள் பின்கள் வராது. நம்மாள் முழங்காலுக்கு ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு, தட்டை ஸ்க்ரூடிரைவரை நெம்பி, பின்னின் முதுகு லேசாக நிமிர்ந்ததும் குறடால் பிடித்து இழுப்பார். ஒரு கால் வரும். இன்னொரு கால் முறிந்து பிளைவுட்டிலேயே நின்றுவிடும். அதைச் சுத்தியலால் உள்ளே அடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்வார். விட்டுப்போன ஒன்றை இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த மனைவியின் கால் கண்டுபிடிக்கும்.

அடுத்தது அலமாரி. கதவுகள் அசல் ஓக் மரம். ஆகவே சட்டங்களும் ஓக்தான் என்று நம்பி உப்புத்தாள் மெஷினை வைத்தார். அரை நிமிடத்தில் ஓக் மறைந்து, அடியிலிருந்து பழுப்பு நிற மட்டப் பலகை எட்டிப் பார்த்தது. மேலே இருந்தது ஓக் மரத்தின் ரேகையை அச்சடித்த காகிதம். நம்மாள் கலங்கவில்லை. இந்த ரகத்துக்கு எந்த அதிர்ச்சிக்கும் மருந்து ஒன்றுதான்: வெள்ளை பெயிண்ட். லேசாகத் தேய்த்து, துடைத்து, ஷெல்லாக் கலந்த பிரைமர் ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை. பிரைமர் இல்லாமல் அடித்தால் வினைல் சுவரில் பெயிண்ட் நிற்காது, நகத்தால் கீறினால் உரிந்து வரும் என்று எனக்கே நகத்தால் கீறிக் காட்டினார். உரிந்து வந்தது. அந்த இடத்தில் இப்போது ஒரு நாள்காட்டி தொங்குகிறது.

இதெல்லாம் பூர்வாங்கம். நம்மாளின் பிறவிப் பயன் விளக்கில்தான் இருக்கிறது.

பழைய வண்டியின் கூரை விளக்குகளில் இருப்பது 1141 என்ற எண்ணுள்ள குண்டு பல்பு. 12 வோல்ட்டில் ஒன்று கிட்டத்தட்ட ஒன்றரை ஆம்பியர் குடிக்கும், அதாவது 18 வாட். ஆறு பல்பு எரிந்தால் 9 ஆம்பியர். பேட்டரி 80 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 40. ஆக நாலரை மணி நேரத்தில் கதை முடிந்தது. இந்தக் கணக்கை அவர் யார் வந்தாலும் சொல்வார், தபால்காரருக்கும் சொல்லியிருக்கிறார். அதே குழியில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒன்றுக்கு இரண்டரை வாட். முப்பது மணி நேரத்துக்குமேல் எரியும். "காட்டுக்குள்ள போய் மின்சாரமே இல்லாம ஒரு வாரம் இருக்கலாம்!"

முதலில் வாங்கிய மலிவு பல்புகளில் பாதி எரியவே இல்லை. குண்டு பல்புக்குக் கூட்டல் கழித்தல் பேதம் கிடையாது, மலிவு எல்.இ.டி.க்கு உண்டு. அமெரிக்க வீட்டு வயரிங்கில் கறுப்பில் மின்சாரம் வரும். காரில் கறுப்பு என்றால் கழித்தல். மோட்டார்ஹோமின் 12 வோல்ட் வயரிங்கிலோ பெரும்பாலும் வெள்ளைதான் கழித்தல், கறுப்பு கூட்டல். வீட்டை அறிந்தவரும் காரை அறிந்தவரும் இங்கே ஒரே மாதிரி விழிப்பார்கள். நம்மாள் இரண்டையும் அறிந்தவர், ஆகவே இரண்டு மடங்கு விழித்தார். எரிந்த மீதிப் பாதியும் நீடிக்கவில்லை. வண்டியைக் கரண்டில் மாட்டினால் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வோல்ட்டேஜ் 14-ஐ எட்டும். சரியாக 12-க்கென்று செய்த மலிவுச் சரக்கு அதைத் தாங்காது.

அடுத்து வாங்கியவை தாங்கின. ஆனால் வெளிச்சத்தின் நிற அளவில் அவை 6000 கெல்வின். சுவிட்சைப் போட்டதும் புது வெள்ளை பெயிண்டும் வெள்ளை வெளிச்சமும் சேர்ந்து, சாப்பாட்டு மேஜை பல் பிடுங்கும் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. மனைவி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "யார் முதல்ல வாயைத் திறக்கணும்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்துதான் நம்மாள் கெல்வின் ஞானியானார். 2700 என்றால் பழைய பல்பின் மஞ்சள். 3000 அதைவிட ஒரு பிடி வெளுப்பு. 4000-க்குமேல் அடுக்களைக்குக்கூட ஆகாது. இப்போதெல்லாம் ஓட்டலுக்குப் போனால் மெனுவைப் பார்க்குமுன் கூரையைப் பார்த்து, "3500" என்று முணுமுணுக்கிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2700-ஐப் போட்டபின் உள்ளே அழகாகத்தான் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார், இருட்டில் நிறுத்திவைத்தார், "இப்பப் பாருங்க" என்று சுவிட்சைத் தட்டினார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம் என்று தோன்றியது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்துகிற ரகம் இல்லையே. அலமாரிக்கு அடியில் ஒரு எல்.இ.டி. நாடா, படிக்கட்டில் ஒன்று, கட்டிலைச் சுற்றி ஒன்று, வெளியே வெயில்கூடாரத்தின் ஓரமாக நிறம் மாறுகிற நாடா ஒன்று, அதற்கு ரிமோட். மனைவி முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நாடா வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பி, பேப்பர் டவலில் கணக்குப் போட்டார். ஐந்து மீட்டர்ச் சுருள் ஒன்று 72 வாட், 6 ஆம்பியர். இரண்டு சுருள் வெட்டி ஒட்டியாயிற்று: 12 ஆம்பியர். முன்பு குண்டு பல்புக்குப் போனது 9. "சிக்கனம் பண்ணி மூணு ஆம்பியர் நஷ்டம்" என்று டவலை மடித்துக் கையில் கொடுத்தார். நம்மாள் அதில் பிரஷ்ஷைத் துடைத்தார்.

அந்த அம்மாள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "மேலே ஏறிப் பார்த்தாச்சா?" பழைய மோட்டார்ஹோமைக் கொல்வது எஞ்சின் இல்லை, தண்ணீர். கூரையில் காற்றுப்போக்கி, ஏசி, நுனி விளக்கு என்று எத்தனை ஓட்டை உண்டோ அத்தனையிலும் பூசின பசை வெயிலில் வெடிக்கும். மழை உள்ளே இறங்கும், சுவருக்குள் இருக்கிற மரச்சட்டம் சத்தமில்லாமல் உளுக்கும். வெளியே கண்ணாடியிழைப் பலகை உப்பிக்கொண்டு நின்றால் உள்ளே வேலை முடிந்தது என்று அர்த்தம். டயரும் அப்படியே. பள்ளம் புதிதாகத் தெரியும், ஆனால் பக்கச்சுவரில் இருக்கிற நாலு எண்ணைப் படிக்க வேண்டும். 3411 என்றிருந்தால் 2011-ஆம் வருடம் 34-ஆவது வாரம் செய்தது. நம்மாள் வண்டியில் அதுதான் இருக்கிறது. என்னைக் கேட்டால் முதல் டாலர் கூரைக்கு, இரண்டாவது டயருக்கு, பிரேக்குக்கு மூன்றாவது. மிச்சம் இருந்தால் கெல்வின். ஆனால் விருந்தாளியை ஏணியில் ஏற்றிப் பசையைக் காட்டி "இப்பப் பாருங்க" என்று சொல்ல முடியுமா? படுக்கை ஓரத்துச் சுவர் கட்டைவிரலுக்கு அமுங்குகிறது என்று மனைவி காட்டினார். அந்த இடத்தில் ஒட்டுத் தகடு ஒட்டி, மேலே ஒரு சின்ன படிப்பு விளக்கு வைத்தாயிற்று. கடைசியில் ஏணியைச் சாத்தி, பசைக் குழாயோடு கூரையில் ஏறினவர் அந்த அம்மாள்தான். கீழே நம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, காற்றுப்போக்கியைச் சுற்றி விளக்கு வைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

ஒருவழியாகப் போன கோடையில் வண்டி வாசலை விட்டு நகர்ந்தது. போனது பக்கத்து ஸ்டேட் பார்க்குக்கு. மின்சாரமே இல்லாத காட்டைப் பற்றி அத்தனை பேசினவர், 30 ஆம்பியர் கம்பம் உள்ள இடமாகப் பார்த்துப் பதிவு செய்திருந்தார். நிறுத்தியதும் ஒயரைக் கம்பத்தில் மாட்டினார், இருட்டியதும் எல்லாவற்றையும் போட்டார்.

முகாம்களில் இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது என்பது பொதுவான விதி. வெளிச்சத்துக்குப் பல இடங்களில் விதியில்லை, முறைப்பு மட்டும் உண்டு. பத்தே காலுக்கு வெயில்கூடார நாடா சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறித் துள்ளிக்கொண்டிருந்தது. ரிமோட்டைக் காணோம். மெத்தைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, எதிர்வரிசையிலிருந்து ஒருவர் டார்ச்சோடு விறுவிறுவென்று வந்தார். நம்மாள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

வந்தவர் கதவு வழியாகத் தலையை நீட்டி, "உள்ளே எரியுதே, அது 2700-ஆ, 3000-ஆ?" என்றார். அவருடையது 1989 வண்டியாம்.

பிறகு என்ன, இரண்டு பேரும் ஒவ்வொரு விளக்கின் மூடியாகக் கழற்றி மாட்டிப் பேச ஆரம்பித்தார்கள். பதினொன்றாயிற்று. "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்றார் நம்மாள். மனைவி ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். எந்த ஃப்யூஸ் எதற்கு என்று சீட்டு எழுதி ஒட்டியதும் அவர்தான் என்பதால் தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பைஜாமா பாக்கெட்டில் போட்டுக்கொண்டு படுக்கப் போனார்.

"நீலக் கலர்தானே, 15 ஆம்பியர்?" என்றது இருட்டில் வந்தவரின் குரல். "என்கிட்ட ஸ்பேர் இருக்கு, எடுத்துட்டு வரேன்."