கனத்த கமராவும் கழுத்தும்: புளியங்குளச் சந்தியை மையப்படுத்திய பட்டியியல் ஆய்வு

சுருக்கம்

கனத்த கமராவுக்கு எப்படிப்பட்ட பட்டி ஏற்றது என்பதைக் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் பொங்கல் ஆகிய மூன்று களங்களில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கமராவைத் தாங்கவே பட்டி இருக்கிறது என்ற பொதுநம்பிக்கை பிழையென்றும், பெரும்பாலும் அது கமராக்காரரின் மதிப்பைத் தாங்கவே இருக்கிறது என்றும் நிறுவுகிறது. நிறுவ முடியாத இடங்களில் வலியுறுத்துகிறது.

ஆய்வுக் களம்

புளியங்குளம் வவுனியா வடக்கில், ஏ9 வீதியிலிருந்து நெடுங்கேணி வீதி பிரியும் சந்தி. தெற்கே ஓமந்தை, வடக்கே கனகராயன்குளம், அதற்கப்பால் மாங்குளம். 1990இல் நின்றுபோன வடபகுதி ரயில் 2011இல் ஓமந்தையைத் தொட்டு, 2013இல் கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கியபோது இவ்வூரையும் கடந்தது. போர் வரலாற்றில் இதன் பெயர் 1997இன் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கையோடு பதிவாகியிருக்கிறது. கமராப் பட்டியின் வரலாற்றில் இன்னும் பதிவாகவில்லை. அக்குறையைத் தீர்ப்பது இவ்வாய்வின் முதல் நோக்கம்.

இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இங்கிருந்து கல்யாண வீடுகளுக்குப் போகிறவர் மோட்டார் சைக்கிளில் கொஞ்ச தூரமாவது கிறவல் ஒழுங்கையில் குலுங்கியே தீரவேண்டும். அதிர்வைக் காணாத பட்டியைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் விளம்பரம். இரண்டாவது, புதூர் நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்குச் சனம் திரளும். நெரிசலைக் காணாத பட்டியைப் பற்றியும் அதையே சொல்லலாம்.

மூன்றாவது காரணம் சற்றுப் பாரமானது. 2008, 2009 இடப்பெயர்வுகளில் வன்னிக் குடும்பங்கள் கைவிட்டு வந்தவற்றுள் அல்பங்களும் அடக்கம். அம்மாவின் கல்யாணப் படம் இல்லாத வீட்டில் மகளின் கல்யாணத்தைப் படம் எடுக்க வருபவர் கமராவை நிலத்தில் போடக்கூடாது. பட்டி அறுந்தால் வேறு ஊர்களில் நட்டம் கமராக்காரருக்கு மட்டும். இங்கே வீட்டாருக்கும் சேர்த்து.

முந்தைய முயற்சிகள்

தமிழ் நிலத்தில் கனத்த கமராவைச் சுமந்த பழைய பட்டிகளுள் ஒன்று நுகத்தடி. சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக இருந்த கப்டன் லினேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தபோது, அவரது கமராவும் இரசாயனங்களும் மாட்டு வண்டிகளில் போயின. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீள்படமாக்கினார். அவ்வளவு வேலைக்கும் அவருக்குக் கழுத்து வலித்ததாகத் தெரியவில்லை. மாடுகளின் தரப்பு பதிவாகவில்லை.

1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமான ஜூலியா மார்கரெட் கமரனின் கதையும் அப்படித்தான். 1866 முதல் அவர் 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தகடு பிடிக்கும் பெட்டியைக் கையாண்டார். அதைக் கழுத்தில் கொழுவுவது பற்றிய சிந்தனைக்கே இடமில்லை, முக்காலி இருந்தது.

1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்த ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோனின் காலத்தில் பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல் தோன்றியது. அவர் வைத்திருந்த லைக்கா ஒரு கிலோவும் தேறாது. அதன் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மூடிவைப்பது அவர் வழக்கம். வாசகர் இத்தகவலை மனதில் வைத்திருக்கவும், பின்னால் தேவைப்படும்.

நிறை பற்றிய கணக்கு

தீர்ந்த பிரச்சினையை நாமே திரும்ப அழைத்துக்கொண்டோம். நிக்கோன் டி850 பற்றரியோடு 1005 கிராம். கல்யாண வீடுகளில் அதிகம் காணப்படும் 24-70 எஃப்2.8 லென்ஸின் அதிர்வுக் குறைப்பு (VR) வடிவம் 1070 கிராம். மேலே பூட்டும் பிளாஷையும் அதன் பற்றரிகளையும் சேர்த்தால் மொத்தம் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது.

பிறக்கும் குழந்தை 2500 கிராமுக்குக் குறைந்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் குறைநிறைப் பிள்ளை என்கிறது. ஆகவே பொன்னுருக்கலிலிருந்து பந்தி முடியும்வரை கமராக்காரர் கழுத்தில் தொங்குவது, மருத்துவர்கள் குறை சொல்ல முடியாத ஒரு பச்சைப் பிள்ளை. பெற்ற பிள்ளையை எவரும் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவதில்லை, இடுப்பில் வைக்கிறார்கள். இந்த எளிய அவதானிப்பு இவ்வாய்வின் திசையையே மாற்றியது.

வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ ஐந்து கிலோ. எனவே கழுத்துப் பட்டியில் கமராவைப் போட்டவர் ஒன்றரைத் தலையோடு நடமாடுகிறார். மேலதிக அரைத் தலை முன்பக்கமாக இழுக்க, பிடரித் தசைகள் நாள் முழுவதும் அதைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டே நிற்கின்றன. மாலை ஆறு மணிக்குக் கமராக்காரர் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டுவதை மரியாதை என்று எடுத்துக்கொள்வது அவசரம்.

முறையியல்

தரவுகள் மூன்று வழிகளில் திரட்டப்பட்டன: பார்த்தல், கேட்டல், சந்தித் தேநீர்க் கடையில் இருத்தல். மூன்றாவதில் கிடைத்தவையே அதிகம். தகவலாளிகளின் பெயர்கள் ஆய்வு அறம் கருதியும், அவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர் என்பதாலும் மறைக்கப்பட்டுள்ளன.

பட்டி வகைப்பாடு

அ. பெட்டிப் பட்டி. கமராப் பெட்டிக்குள் இலவசமாக வருவது. கறுப்பில் மஞ்சள் அல்லது சிவப்பு எழுத்தில் கம்பனிப் பெயர் இருக்கும். விலை கூடிய கமராக்களில் மொடல் எண்ணும் இருக்கும். உறுதியில் குறையில்லை. தாங்குதிறன் போதும். ஆனால் அகலம் போதாது, உள்ளே மெத்தையும் இல்லை. இரண்டரைக் கிலோ நிறை ஏறத்தாழ 25 நியூட்டன் விசையாகக் கழுத்தை அழுத்துகிறது. பட்டியின் அகலத்தை ஒரு சென்ரிமீற்றரிலிருந்து நான்காக்கினால் அதே விசை நான்கு மடங்கு பரப்பில் பரவி, அழுத்தம் காற்பங்காகும். நிறை குறையாது, குறைந்ததாகக் கழுத்து நம்பும். பொருளியலில் இதை மானியம் என்பார்கள்.

ஆ. நியோப்பிரீன் பட்டி. 1930இல் டுபொன்ட் நிறுவனத்தில் உருவாகி, நீரில் மூழ்குவோர் உடைவரை போன செயற்கை இறப்பர். இழுபடும் தன்மையால் நடைக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். கனத்த கமரா இலேசாகத் தோன்றும். அதேவேளை ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் துள்ளும். அதைவிட, கடற்குளிருக்கு ஏற்ற பொருளைப் பங்குனி வெயிலில் வவுனியா வடக்கில் கழுத்தைச் சுற்றிப் போடுவதன் விளைவைக் கணிக்க ஆய்வகம் தேவையில்லை. கழுத்தில் காற்றுப் படாது, வியர்வை வற்றாது.

இ. குறுக்குப் பட்டி. ஒரு தோளில் ஏறி, மார்பைக் குறுக்கே கடந்து, மற்றப் பக்க இடுப்பில் கமராவைத் தொங்கவிடுவது. பாரம் கழுத்தை விட்டுத் தோளுக்கும் உடம்புக்கும் போகிறது. காவடி எடுப்பவர் தோளில்தான் எடுக்கிறார். கழுத்தில் ஏற்பது மாலையை மட்டும். இத்தனை தலைமுறை அனுபவம் ஊரில் இருக்க, அதைக் கேட்காமல் கழுத்தில் கமராவை மாட்டியது நவீனத்துவத்தின் பிழை.

ஈ. சேணம். இரு தோளிலும் ஏறி முதுகில் பெருக்கல் குறியாகப் பின்னி, இரண்டு இடுப்பிலும் இரண்டு கமரா. பாரப் பங்கீட்டில் இதுவே தலைசிறந்தது. ஆனால் வன்னியில் இதற்கொரு சமூகவியல் தடை உண்டு. தோல்வார்கள், கொளுக்கிகள், இரு இடுப்பிலும் இரண்டு கறுப்புப் பொருட்கள் என்று ஒருவர் படலையைத் திறந்து வந்தால், ஊரின் மூத்த தலைமுறை முதலில் நினைப்பது படம் எடுப்பதை அல்ல.

“உதென்ன தம்பி, ரண்டு பக்கமும் கொழுவிக்கொண்டு நிக்கிறியள்?” என்று கேட்டார் ஓர் அம்மம்மா.

“கமரா, அம்மம்மா.”

“ஒண்டு காணாதே? கழட்டி வைச்சிட்டு முதல் ஒரு பிளேன்ரீ குடியுங்கோ.”

ஆயுதக் களைவு இவ்வளவு சுமுகமாக நடந்ததற்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை.

ஊசல் பிரச்சினை

கழுத்தில் தொங்கும் கமரா ஓர் ஊசல். அதன் ஆட்ட நேரம் பட்டியின் நீளத்தையே பொறுத்தது. கமராவின் விலையையோ நிறையையோ பொறுத்ததல்ல. 50 சென்ரிமீற்றர் தொங்கலுக்கு ஓர் ஆட்டம் 1.4 செக்கன். 25 சென்ரிமீற்றருக்கு ஒரு செக்கன். மனித நடையில் இரண்டு அடிக்கும் ஏறக்குறைய ஒரு செக்கன்தான் பிடிக்கும். எனவே பட்டியைக் கட்டையாக்கி மார்போடு வைத்தால் ஆட்டம் நிற்கும் என்று நினைப்பவர், நடையும் ஊசலும் ஒத்திசையும் இடத்தைத் தேடிப் போகிறார்.

இதன் உச்சகட்டம் தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் கேட்டதும் கமராக்காரர் குனிவார். ஒரு கமரா கண்ணில். மற்றது கழுத்திலிருந்து விலகி, பௌதிக விதிகளுக்கு அமையக் குத்துவிளக்கை நோக்கிப் புறப்படும். இடையில் நிறைகுடம் இருப்பது எமது முன்னோரின் தொலைநோக்கு. குறுக்குப் பட்டியில் இந்த ஆபத்து குறைவு. கமரா முதுகுப் பக்கம் ஒதுங்கி, பின்வரிசையில் இருக்கும் மாமாவோடு அடங்கிவிடுகிறது.

பாதுகாப்பு இயல்

பட்டி அறுந்து கமரா விழுவது அரிது. விழுத்துவன சின்னச் சாமான்கள்: வளையம், கொளுக்கி, திருகாணி.

பெட்டிப் பட்டியின் கொளுக்கிக்குள் நுனியை எத்தனை தரம் வளைத்துக் கோர்க்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. உருளையில் சுற்றிய கயிற்றின் பிடி, சுற்றும் கோணத்தோடு அடுக்கேற்றமாகக் கூடும் என்று 18ஆம் நூற்றாண்டில் ஒயிலர் காட்டினார். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், ஓர் அரைச்சுற்று பிடியை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்கும். இரண்டு, ஆறரை மடங்கு. மூன்று, 17 மடங்கு. ஆகவே நுனியைத் திரும்பவும் ஒருமுறை கொளுக்கிக்குள் விட்டு, நாலு விரல் மிச்சம் விடுவதற்குச் செலவாகும் அரை நிமிடம், கமராக்காரர் வாழ்வில் ஆக விளைச்சல் தரும் முதலீடு. அந்த மிச்சம் தொங்குவது வடிவில்லை என்று கத்தரிக்கோலால் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் காப்புறுதிக் கம்பனிகள் இருக்கின்றன.

குறுக்குப் பட்டிகள் பலவும் கமராவின் அடியிலுள்ள முக்காலித் துளையில் பூட்டப்படுகின்றன. கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி கொண்ட திருகாணி. பாரத்துக்கு அது போதும். அதிர்வுக்குப் போதாது. நெடுங்கேணிப் பக்க ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிள் குலுங்கக் குலுங்க, திருகாணி தன்பாட்டில் கழன்றுகொண்டு வரும். வீட்டுப் படலையில் இறங்கியதும் முதலில் இறுக்கவேண்டியது கைகுலுக்கல் அல்ல, இந்தத் திருகாணி. அதோடு கமராவின் பக்க வளையத்திலிருந்து பட்டிக்கு ஒரு மெல்லிய காப்புக் கயிறும் போட்டுவிட்டால், ஒன்று கைவிட்டாலும் மற்றது பிடிக்கும்.

70-200 போன்ற நீள லென்ஸுக்கு ஒரு தனி விதி. லென்ஸே ஒன்றரைக் கிலோவை நெருங்கும். பட்டியை லென்ஸைச் சுற்றியுள்ள முக்காலிக் கழுத்துப்பட்டையின் காலில் பூட்டவேண்டும். கமராவில் பூட்டினால் லென்ஸின் முழுப் பாரமும் அது கமராவில் பொருந்தும் வாயில் இழுக்கும்.

விவாதம்

மேற்கண்ட எல்லாம் கமராக்காரர்களுக்குத் தெரியும். குறுக்குப் பட்டி நல்லதென்று தெரியும், அகலம் வேண்டுமென்று தெரியும். அப்படியிருந்தும் லட்சக்கணக்கில், சிலர் லீசிங்கிலும், கமரா வாங்கியவர்கள் கழுத்தில் இலவசப் பட்டியே கிடக்கிறது. ஏன்?

விடை தேநீர்க் கடையில் கிடைத்தது. “அண்ணை, பெல்டை மாத்தினா என்ன கமரா எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?”

இவ்வொரு வசனத்தில் ஆய்வு முழுவதும் அடங்குகிறது. கல்யாண வீட்டில் கமராவின் தரத்தைப் படத்தைப் பார்த்து அறிபவர் இல்லை. அல்பம் வரப் பல மாதமாகும். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா பார்ப்பது பட்டியைத்தான். “டி850 ஆ? அங்கையும் உதுதான் பாவிக்கிறவை” என்று அவர் சொல்லும்போது கமராக்காரரின் கழுத்து வலி அந்தக் கணத்துக்கு மறைகிறது. எந்த நியோப்பிரீனாலும் தர இயலாத நிவாரணம் இது. கார்ட்டியே பிரெஸ்ஸோன் கமராவை மறைத்து மனிதரைப் பார்த்தார். நாம் மனிதரை நிறுத்திக் கமராவைக் காட்டுகிறோம். இரண்டிலும் உலகம் பதிவாகிறது.

ஆனால் அதே மஞ்சள் எழுத்தை யாழ்ப்பாண பஸ்ஸில் பின்சீற்றில் இருப்பவரும் வாசிப்பார். பட்டி செய்யும் விளம்பரம் ஆளைத் தெரிந்து செய்வதில்லை.

பரிந்துரைகள்

1. இரண்டு கிலோவைத் தாண்டினால் குறுக்குப் பட்டி. தோள்பகுதி அகலமாகவும், காற்றுப் புகும் துணியாகவும் இருத்தல் வேண்டும். மழைக்காலத்துக்கு நைலோனைவிடப் பொலியெஸ்டர் நாடா நல்லது. நனைந்தால் அவ்வளவு இழுபடாது.

2. வளையம், கொளுக்கி, திருகாணி மூன்றையும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன் பார்க்கவும். நல்லநேரம் பார்க்கும் ஊரில் இதற்கொரு நேரம் ஒதுக்குவது கடினமல்ல.

3. சேணம் அணிபவர் வீட்டின் மூத்தவரிடம் முதலில் போய்க் கமராவைக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கவும்.

4. பெட்டியோடு வந்த இலவசப் பட்டியை எறியவேண்டாம். அதன் உண்மைத் தொழில் வாசிக்கப்படுவது என்று இவ்வாய்வு காட்டிவிட்டதால், அதைக் கழுத்திலிருந்து விடுவித்து, மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் கமராப் பெட்டியைக் கட்டப் பயன்படுத்தலாம். பெட்டியும் விழாது, மாங்குளம் வரை பின்னால் வருகிற எல்லோரும் மொடல் எண்ணை வாசித்துக்கொண்டு வருவார்கள்.