விழித்திரைத் தலைகீழியல்: நிமிர்த்தும் குமாஸ்தா பதவி குறித்த ஓர் ஆய்வு

இவ்வாய்வின் பொருள் அற்பமானது என்பார்கள். நாம் பார்க்கிற ஒவ்வொருவரும், மாமனாரோ மேலதிகாரியோ அமைச்சரோ, நம் விழித்திரையில் தலைகீழாகத்தான் தொங்குகிறார்கள். மரியாதை சம்பந்தப்பட்ட இவ்விஷயத்தை அற்பம் என்று ஒதுக்குவது அறிஞர்க்கு அழகன்று.

விவகாரம் புதியதல்ல. ஒளிக்கதிர்கள் கண்ணுக்குள் இருமுறை குறுக்கிட்டு உருவம் நிமிர்ந்துவிடும் என்று லியோனார்டோ டா வின்சி கருதினார். மனிதருக்கு ஏற்ற நாகரிகமான தீர்வு. 1604இல் யோகன்னஸ் கெப்ளர் அந்தச் சலுகையை ரத்து செய்தார். உருவம் தலைகீழாகவே விழுகிறது, அது எப்படி நேராகத் தெரிகிறது என்பதைத் தத்துவவாதிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டார். தள்ளிவிடும் கலையில் அவர் நமக்கும் முன்னோடி. ஒரு மாட்டின் கண்ணைப் பின்பக்கம் சீவிப் பார்த்தால் தலைகீழ் உருவம் நேரிலேயே தெரியும் என்று 1637இல் ரெனே தெக்கார்த் எழுதினார். ஆக, குற்றம் நிரூபணம்.

இனிப் பூர்வபட்சம். மூளைக்குள் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து, வருகிற படத்தையெல்லாம் திருப்பித் திருப்பி வைக்கிறார் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. பள்ளிக்கூடத்தில் 'மூளை நேராக்கிவிடுகிறது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, அடுத்த பாடத்துக்குப் போனவர்களும் இக்கட்சியினரே.

மறுப்பு வருமாறு. படத்தைப் பார்க்கக் குமாஸ்தாவுக்கும் கண் வேண்டும். அந்தக் கண்ணிலும் படம் தலைகீழாகவே விழும். அதை நிமிர்த்த அவருக்குள் இன்னொரு குமாஸ்தா, அவருக்குள் மற்றொருவர் என்று சம்பளப் பட்டியல் முடிவில்லாமல் நீளும். எந்த நிதித்துறையும் இதற்கு ஒப்பாது. போகட்டும், அலுவலகத்தையே சோதனையிட்டால்? பின்மண்டையில் பார்வைக்கென்று உள்ள மூளை மடிப்பில், நாம் பார்க்கும் காட்சியின் மேற்பாதி கீழ்க்கரையிலும் கீழ்ப்பாதி மேற்கரையிலும் பதிவாகிறது. இடப்பக்கக் காட்சி வலது மூளைக்குப் போகிறது. கோப்பு அங்கும் தலைகீழாகவே கிடக்கிறது. யாரும் தொட்டதற்கு அடையாளமே இல்லை.

எனவே சித்தாந்தம்: அப்படி ஒரு பதவியே கிடையாது. மூளை படம் பார்ப்பதில்லை. விழித்திரையின் கீழ்ப்பகுதி கிளர்ந்தால், கையை உயர்த்தினால் எட்டுவது, தலையை நிமிர்த்தினால் தெரிவது என்று அதற்குப் பொருள். அதைத்தான் 'மேல்' என்கிறோம்.

இதைச் சோதிக்கக் கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் 1890களின் பிற்பகுதியில் உலகைத் தலைகீழாகக் காட்டும் வில்லைகளை ஒரு கண்ணில் மாட்டி, மறு கண்ணை மறைத்துக்கொண்டு நாட்கணக்கில் நடமாடினார். முதலில் கை ஒரு திசையும் பொருள் ஒரு திசையுமாகத் தடுமாறியவர், நாளடைவில் பழகிக்கொண்டார். உலகமே நிமிர்ந்துவிட்டது என்று பலர் இதற்கு உரை எழுதினார்கள். 1999இல் வெளியான ஒரு மறுபரிசோதனையில், அணிந்தவர்களின் கை பழகியது; காட்சி நிமிரவில்லை. உரையாசிரியர்கள் மூலத்தை மிஞ்சுவது அறிவியலிலும் உண்டு.

ஐயம் தீராதவர்கள் ஓர் அட்டையில் ஊசித்துளை இட்டு, கண்ணிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, வெளிச்சமான ஜன்னலை நோக்கிப் பிடிக்கவும். அட்டைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு குண்டூசியைக் கீழிருந்து மெல்ல உயர்த்தினால், அது மேலிருந்து இறங்கி வருவதாகத் தெரியும். அதன் நிழல் மட்டும் விழித்திரையில் நேராக விழுகிறது; அதனாலேயே நமக்குத் தலைகீழ். விவரமறிந்த குமாஸ்தா ஒருவர் உள்ளே இருந்திருந்தால் இந்த ஒன்றையாவது திருப்பாமல் விட்டிருப்பார். சோதிப்பவர்கள் சூரியனை நோக்க வேண்டாம். ஊசியின் கூர்முனை அல்ல, கொண்டையே மேலே இருக்கட்டும்.