பத்து விரலும் பத்திரம்

உல்லாசக் கப்பலில் ஏறி இறங்குகிறவர்களின் விரல் ரேகையை விசாரிப்பது அருமையான ஏற்பாடு. 2004 ஜனவரியில் அமெரிக்கா விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் இதைத் தொடங்கியபோது இரண்டு விரலோடு திருப்திப்பட்டது. பிறகு பத்தும் கேட்டது. ஷெங்கன் விசாவுக்கும் பத்து. அடுத்து கால்விரல் கேட்கலாம், இலங்கையின் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நாங்கள் தயார். எங்கள் கால்களில் அட்டை குத்திய முத்திரைகூட உண்டு.

எங்களுக்கு இது புதிதா? இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த பாட்டன் கழுத்தில் தோட்ட எண் பொறித்த தகரத்துண்டு தொங்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும், ஒரு விரலைக்கூடப் பார்க்காமல் பங்கு போட்டது. அந்த வேகம் எந்த இயந்திரத்துக்கு வரும்?

விசா வாங்கப் போன பெரியம்மா, முப்பது வருஷம் கொழுந்தெடுத்துக் கறுத்த விரலைக் கண்ணாடியில் வைத்தார். விளக்கு சிவந்தது.

"ரேகையே இல்லையேம்மா!"

"தேஞ்சிருக்கும் தொரை."

நான்கு முறை துடைத்தும் பெரியம்மா மனுஷியாகத் தேறவில்லை. சரிதான், பாதுகாப்பு முக்கியம்.

களைத்துப்போன அலுவலர் ஒரு பிளேன்டீ வரவழைத்து உறிஞ்சினார்.

"ஆகா, மலைநாட்டுத் தேயிலை!"

ஒரே மிடறில் அடையாளம் தெரிந்துவிட்டது.