போர்வை மைனி

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் இரண்டு தெருவுக்கு ஒருவராவது போர்வை மைனி உண்டு (மைனி என்றால் அண்ணி). வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பெரும்பாலும் ஓய்வு பெற்ற தையல் டீச்சர். சொந்தத்தில் யாருக்காவது அறுபதாம் கல்யாணமோ திருமணப் பொன்விழாவோ நெருங்கினால், மற்றவர்கள் மோதிரமா, வெள்ளி விளக்கா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, "எல்லாரும் கையெழுத்துப் போட்ட போர்வை ஒண்ணு தச்சிருவோம்" என்று முடிவைச் சொல்லிவிடுவார். சொல்வதும் அவர், தைப்பதும் அவர். குறுக்கே நிற்கும் வேலையை மட்டும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

போர்வை தேவைப்படும் ஊர் இதுவல்ல. ஆனி ஆடிச் சாரலிலும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று கிளம்பும் நாட்களிலும் ஒரு சாரத்தை (கைலியை) இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டால் குளிர் போய்விடும். மார்கழிக்கும் அதுவே தாராளம். ஆகவே இது போர்த்திக்கொள்ளத் தைக்கப்படுவதில்லை. யார் யார் இன்னும் உறவில் இருக்கிறார்கள் என்பதற்கான பதிவேடு இது.

அப்படிப்பட்ட பதிவேடு உலகுக்குப் புதிதல்ல. 1840களில் அமெரிக்காவில் கையெழுத்துப் போர்வை பெரிய மோகமாக இருந்தது. துணியை அரிக்காத மை கடைக்கு வந்தது அதற்கு ஒரு காரணம். முதல் உலகப்போரின்போது, காசு கொடுத்தவர் பெயரைத் தைத்துச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்டினார்கள். 1942இல் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் ஜப்பானியரிடம் அடைபட்ட பெண்கள் ஆளுக்கொரு சதுரம் தைத்துப் பெயரிட்டு, தலா 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகளை மருத்துவமனைக்கு அனுப்பினர். பிரிந்திருந்த கணவன்மார் மனைவி உயிரோடிருப்பதை அந்தப் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது ஏற்பாடு. போர்வை மைனியின் போர்வை தெரிவிப்பதும் ஏறக்குறைய அதுதான்: இன்னார் இன்னாரோடு இன்னும் பேசுகிறார். காசு மட்டும் யாரும் கொடுப்பதில்லை. நூல் செலவு அவருடைய பென்ஷனில் போகும்.

ஊசி வேலைக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டோடு 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த அவர் மனைவி மார்த்தா மால்ட், பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். நெய்யூரில் எம்பிராய்டரி வேரூன்றியது. முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியத்துக் கன்னியர் வந்தனர். அங்கும் லேஸ் வளர்ந்தது. மைனிக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு டீச்சர் யாரென்று தேடிப் போனால் இந்த மூன்று ஊர்களில் ஒன்றில்தான் போய் முடியும்.

முதல் வேலை துணி. வெள்ளைப் பருத்தித் துணியை இரவு முழுக்க ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கி, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, எட்டு அங்குலச் சதுரங்களாக வெட்டுவார். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் போக ஏழரை நிற்கும். குறுக்கே 8, நெடுக்கே 10 என 80 சதுரம் சேர்ந்தால் 60க்கு 75 அங்குலப் போர்வை. எண்பது பேர் வேண்டும். நாஞ்சில் நாட்டில் எண்பது சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது எளிது. எண்பதோடு நிறுத்துவதுதான் கஷ்டம்.

அடுத்தது வசூல். எழுதும்போது துணி நழுவாமலிருக்க உப்புத்தாள் ஒட்டிய அட்டை, பென்சில், சதுரத் துணிகள் இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு, வடசேரி பஸ் நிலையத்திலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று மைனி புறப்படுவார். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். இந்த ஊரில் கையெழுத்து விளையாட்டுக் காரியமல்ல. மனைவி மக்களைத் தவிக்கவிட்டுச் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும் முறையைக் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய'த்தில் கேலி செய்து தீர்த்தார். 1926இல் திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் சொத்தைப் பங்கு வைக்க வழிசெய்தது. அதன்பின் கையெழுத்துப் போடும் அவசியமும், போடமாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளும் சுகமும் சேர்ந்தே பெருகின. ஆகவே வெற்றுத் துணியை நீட்டினால் வீட்டுக்காரர் முதலில் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

"காப்பி குடிங்க மைனி, மத்தியானம் உண்டுட்டே போங்க. வெத்துத் துணியில கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

"ஒனக்க தோப்பு எனக்கு எதுக்கு டே? பேர எழுது."

கையெழுத்துகள் பல தினுசு. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1க்கு முன் மலையாளப் பள்ளியில் படித்த பாட்டா மலையாளத்தில் போடுவார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர் பெயரில் 'பிள்ளை' வந்தால், தும்பிக்கை வைத்த பழைய ளை வந்து நிற்கும். மஸ்கட்டிலும் டெக்சாசிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். அதை அச்செடுத்து, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்து வரைந்துகொள்வார். டாக்டர் மருமகன் போடுவது ஒரே கோடு. இரண்டு நிமிடத்தில் தைத்துவிடலாம். வங்கி மேலாளராக இருந்த அத்தானின் கையெழுத்து யாரும் போலியாகப் போட முடியாதபடி பழக்கப்பட்டது; மைனியாலும் முடியாது. ஆச்சியின் கைநாட்டுக்கு ரேகை ரேகையாக நூல் ஓட்ட ஒரு வாரம் ஆகும்.

காலமான பெரியவரின் கையெழுத்துக்காகப் பீரோவைக் குடைந்தால், தெளிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான். எந்தக் கையெழுத்தால் அண்ணன் தம்பி பேச்சு நின்றதோ, அதே கையெழுத்து இருவர் பெயருக்கும் நடுவில் தைக்கப்படும். இருவரும் பார்த்துவிட்டு, தையல் நேர்த்தியாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள்.

தைப்பது நிதான வேலை. ஆறு இழை நூலில் இரண்டைப் பிரித்தெடுத்து, பென்சில் கோட்டின் மேல் காம்புத் தையல். ஞகரச் சுழி போன்ற வளைவுகளில் பின்தையல். சிவப்பு நூல் சாயம் விடுகிறதா என்று முன்கூட்டியே நனைத்துப் பார்ப்பது கட்டாயம். உள்ளே இலவம்பஞ்சு வைப்பதில்லை, அது ஒரே மூலையில் திரண்டுவிடும். பழைய இரட்டை வேட்டியே போதும். மேல்துணி, வேட்டி, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு இறுக்குவார்.

அதைவிட நிதானம் வேண்டியது இடம் ஒதுக்குவதற்கு. நடுவில் தம்பதி, சுற்றிலும் பிள்ளைகள், அடுத்துத் தாய்மாமன், பிறகு சம்பந்தி வீட்டார். கால்மாட்டு வரிசையில் யாரை வைத்தாலும் வருத்தம் வரும். அனுபவமுள்ள மைனி அங்கே தன் பெயரையும் தன் வீட்டுக்காரர் பெயரையும் வைத்துவிட்டு, மிச்ச இடத்துக்கு எதிர்த்துப் பேசாத சிறுபிள்ளைகளைப் பிடித்துப் போடுவார்.

விழாவன்று அடைப்பிரதமனுக்கு முன்பு போர்வை விரிக்கப்படும். பிரதமன் இலையில் ஆறும்வரை ஆளாளுக்குத் தம் பெயரைத் தேடுவார்கள். பிறகு அது பாச்சை உருண்டையோடு பீரோவுக்குள் போகும். வருஷத்துக்கொருமுறை நிழலில் உலர்த்தி, மடிப்பு விழும் இடத்தை மாற்றி வைத்தால் பல காலம் இருக்கும். விருந்தாளி வந்தால் வெளியே வரும். பெயர் விட்டுப்போனவர்களும் அப்போதுதான் அதைக் கண்டுபிடிப்பார்கள். அவர்களுக்காகத்தான் அடித்துணியை மைனி வெறுமையாக விட்டிருப்பார். புகார் வர வர அங்கே பெயர் ஏறும். அடித்துணியும் நிறைந்துவிட்ட குடும்பங்களுக்கு இரண்டு தலையணை உறை தைத்துக் கொடுப்பார்.